இரட்டைமலை சீனிவாசன்

இரட்டைமலை சீனிவாசன் (சூலை 7, 1859 – செப்டம்பர் 18, 1945) தமிழகத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியுரிமைகளுக்காக உழைத்த தலைவர்களுள் ஒருவர். பறையன் என்னும் இதழை நிறுவி நடத்திய இதழாசிரியர். சென்னை மாகாண சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். இலண்டனில் நடைபெற்ற முதல் இரண்டு வட்டமேசை மாநாடுகளிலும் அம்பேத்கருடன் கலந்துகொண்டவர். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எல்லாச் சாதியினரும் பயன்படுத்தலாம் என்று சென்னை சட்டமன்றம் 1924இல் ஏற்ற தீர்மானம் இவர் கொண்டுவந்ததாகும். பாடநூல்களில் இவர் பெயர் பெரும்பாலும் வட்டமேசை மாநாட்டை ஒட்டி ஒரு வரியில் வந்து போகிறது. ஆனால் மக்களின் அன்றாட வாழ்க்கையோடு நேரடியாகத் தொடர்புடையது அந்த 1924ஆம் ஆண்டுத் தீர்மானமே. எனவே இக்கட்டுரை அதைச் சற்று விரிவாகக் கூறுகிறது.

இளமையும் கல்வியும்

சீனிவாசன் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். வறுமையும் சாதிக் கொடுமையும் காரணமாக இவர் குடும்பம் ஊரை விட்டுப் பெயர்ந்து முதலில் தஞ்சாவூர்ப் பக்கமும், பின்னர் கோயம்புத்தூருக்கும் சென்றது. கோயம்புத்தூரில் இவர் கல்வி பயின்றார்.

அங்கு பயின்ற ஏறத்தாழ 400 மாணவர்களுள் பத்துப் பேர் போக ஏனையோர் பிராமணர்கள். தம் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் பிறருக்குத் தெரிந்துவிட்டால் என்ன நேருமோ என்னும் அச்சத்துடனேயே தாம் படித்ததைச் சீனிவாசன் பிற்காலத்தில் எழுதியுள்ளார். உடன் பயில்வோருடன் விளையாடுவதைத் தவிர்த்தார். பள்ளிக்கு முன்னதாகவே வந்துவிட்டாலும் வெளியே எங்கேனும் ஒதுங்கியிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைந்தார். பின்னாளில் தம் இதழுக்குச் சாதிப் பெயரையே தலைப்பாக இட்டவர், இளமையில் அதே பெயரை மறைத்துக்கொண்டு படிக்க வேண்டியிருந்தது என்பதை நினைவில் கொள்வது நல்லது.

படிப்பு முடிந்தபின் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் பத்தாண்டுகள் கணக்கராகப் பணியாற்றினார். 1887இல் இரங்கநாயகி அம்மையாரை மணந்தார். பிரம்மஞான சபையை நிறுவிய ஆல்காட், பிளவாட்சுகி அம்மையார் ஆகியோரின் அறிமுகமும் இக்காலத்தில் கிடைத்தது. தமிழ்ப் பௌத்த இயக்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சீனிவாசனின் உடன்பிறந்தாளை மணந்தவர். உறவினராக இருந்தும் இருவரும் வெவ்வேறு வழிகளில் சென்றனர். பண்டிதர் பறையர் என்னும் பெயரே பிறரால் இழிவாகச் சூட்டப்பட்டது என்று மறுத்து, பௌத்தத்தைத் தழுவினார். சீனிவாசனோ அப்பெயரை விட்டுக்கொடுக்கவும் இல்லை, மதம் மாறவும் இல்லை.

பறையன் இதழ்

1890இல் சீனிவாசன் சென்னையில் குடியேறினார். ஒடுக்கப்பட்டோரின் நிலை அரசின் கவனத்திற்கு வரத் தொடங்கிய காலம் அது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர், அம்மாவட்டப் பறையர்களின் நிலமின்மை, அடிமைநிலை, குடியிருப்பு மனைகூடத் தமக்கெனச் சொந்தமில்லாத அவலம் ஆகியவற்றை விரிவாக விளக்கி 1891இல் அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892இல் பிறப்பிக்கப்பட்ட அரசாணையே இன்று பஞ்சமி நிலம் என வழங்கும் நில ஒதுக்கீட்டிற்கு அடிப்படை. சீனிவாசனின் சொந்த மாவட்டமும் செங்கல்பட்டே என்பது குறிப்பிடத்தக்கது.

சென்னைக்கு வந்த சில ஆண்டுகளில் இவர் பறையர் மகாசன சபையைத் தோற்றுவித்தார். சென்னை மகாசன சபை என்னும் அமைப்பு 1884 முதல் நகரின் மேல்தட்டினரால் நடத்தப்பட்டு வந்தது. அவர்கள் மகாசனங்கள் எனில் நாங்களும் மகாசனங்களே என்று இப்பெயர் அறிவித்ததாகக் கொள்ளலாம்.

1893 அக்டோபரில் பறையன் இதழ் நான்கு பக்க மாத இதழாக வெளிவந்தது. முதல் இதழின் 400 படிகள் இரண்டே நாட்களில் விற்றுத் தீர்ந்தன. மூன்று மாதங்களில் அது வார இதழாயிற்று. பின்னர் சொந்த அச்சகமும் அமைந்தது. இதழின் பெயரைப் பலர் எதிர்த்தனர். எதிர்த்தவர்களுள் அவருடைய சமூகத்தில் படித்து முன்னேறியவர்களும் இருந்தனர். தன் பெயரைச் சொல்லிக்கொண்டு முன்னால் வந்து நிற்பவனுக்கே உரிமை கிடைக்கும், பெயரை மறைத்துக்கொண்டு பெறுகிற உயர்வு மறைத்தவனுக்கு மட்டுமே பயன்படும் என்பது அவர் கருத்தின் சாரம். இக்கருத்தை இன்று எல்லோரும் ஏற்பர் எனச் சொல்ல இயலாது. ஆதி திராவிடர் என்னும் பெயரை அரசு வழக்கில் ஏற்கச் செய்த எம். சி. இராசாவின் தீர்மானம் 1922இல் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, அது எதிர்த்திசையில் சென்ற முயற்சியாகவே இருந்தது.

1893ஆம் ஆண்டு மனு

இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இலண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரசு அப்போது கோரி வந்தது. சீனிவாசன் இதை எதிர்த்தார். 1893 திசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி, 112 அடி நீளமுள்ள எதிர்ப்பு மனுவில் 3,412 பேரிடம் கையொப்பம் பெற்று, செசுனி என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகப் பிரித்தானிய நாடாளுமன்றத்திற்கு அனுப்பினார்.

தேர்வு இந்தியாவில் நடந்தால் வெற்றி பெறுவோர் அனைவரும் உயர்சாதியினராகவே இருப்பர், மாவட்ட ஆட்சியர் நாற்காலியிலும் அவர்களே அமர்ந்தால் முறையிடுவதற்குக்கூட இடமிராது என்பது மனுவின் வாதம். நாட்டின் விடுதலையைத் தாமதப்படுத்திய செயல் என்று இதைக் குறை கூறுவோர் உண்டு. ஆயினும் கிராமத்தில் நிலம், கிணறு, வழி, கணக்கு அனைத்தும் யாருடைய கையில் இருந்தன என்பதைக் கருதாமல் அம்மனுவை மதிப்பிட முடியாது. தேர்வு இந்தியாவிலும் நடத்தப்பட்டது 1922 முதல்தான்.

தென்னாப்பிரிக்க வாழ்க்கை

தம் மக்களின் குறைகளை நேரில் எடுத்துரைக்க இங்கிலாந்து செல்லும் எண்ணத்துடன் 1900இல் சீனிவாசன் கப்பலேறினார். அத்துடன் பறையன் இதழும் நின்றது. ஆனால் பயணம் ஆப்பிரிக்காவோடு முடிந்தது. சான்சிபாரில் தங்கியபின் தென்னாப்பிரிக்காவை அடைந்து, தர்பன் நகர நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஒப்பந்தக் கூலிகளுள் தமிழர் மிகுதி. அவர்களுள் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். காந்தியுடன் பழக்கம் ஏற்பட்டது இங்கேதான். காந்தி தமிழில் கையொப்பமிடக் கற்றது இவரிடமே என்று கூறப்படுகிறது.

சட்டமன்றப் பணி

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1920களின் தொடக்கத்தில், சீனிவாசன் தாயகம் திரும்பினார். அப்போது வயது அறுபதைக் கடந்திருந்தது. நாட்டின் அரசியல் அமைப்பும் மாறியிருந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணங்களில் பெரும்பான்மை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றங்கள் அமைந்தன. சென்னையில் நீதிக்கட்சி ஆட்சியில் இருந்தது. பனகல் அரசர் முதலமைச்சராக இருந்ததோடு, உள்ளாட்சித் துறையையும் தம் பொறுப்பில் வைத்திருந்தார்.

வாக்குரிமை சொத்தையும் வரியையும் பொறுத்ததாக இருந்ததால், நிலமற்ற ஒடுக்கப்பட்டோர் தேர்தலில் நின்று வெல்வது இயலாத ஒன்று. ஆகவே அவர்களுக்கான உறுப்பினர்களை ஆளுநரே நியமித்தார். 1920இல் எம். சி. இராசா அவ்வாறு நியமிக்கப்பட்டார். 1923இல் சீனிவாசன் நியமன உறுப்பினரானார். (அக்காலச் சட்டமன்றம் ஒரே அவை கொண்டது. 1937க்குப் பின் வந்த மேலவையோடு இதை மாணவர்கள் குழப்பிக்கொள்ளலாகாது.)

நியமன உறுப்பினருக்குத் தொகுதி கிடையாது, கட்சிப் பலமும் கிடையாது. கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம், அவ்வளவே. அத்தீர்மானமும் அவை ஏற்றால் அரசுக்கு ஒரு பரிந்துரையாகுமே தவிர சட்டமாகாது. முப்பதாண்டுகளாக மனு எழுதிப் பழகியவருக்கு இது ஒருவகையில் தெரிந்த தொழிலே. முன்பு வாயிலுக்கு வெளியே நின்று கொடுத்த விண்ணப்பத்தை இப்போது அவைக்குள் நின்று முன்மொழிய முடிந்தது என்பதே வேறுபாடு.

1924ஆம் ஆண்டுத் தீர்மானம்

1924 ஆகத்து மாதத்தில் சீனிவாசன் தம் தீர்மானத்தை முன்மொழிந்தார். அதன் பொருளை இரண்டு பகுதிகளாகப் பிரித்துக் கூறலாம். நகரமாயினும் சிற்றூராயினும் அங்குள்ள பொதுச் சாலை, தெரு, நடைபாதை எதன் வழியாகவும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடந்து செல்வதற்குத் தடையில்லை என்பது முதற்பகுதி. அரசு அலுவலகங்கள், பொதுக் கிணறுகள், குளங்கள், பொதுமக்கள் கூடுமிடங்கள், பொது அலுவல் நடைபெறும் கட்டடங்கள் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் எவ்வாறு, எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறார்களோ அவ்வாறே ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது இரண்டாம் பகுதி. இதுவே அரசின் கொள்கை என ஏற்று அறிவிக்க வேண்டும் எனத் தீர்மானம் கோரியது. அவை அதை ஏற்றது.

இன்று படிக்கும்போது இது சொல்லவே தேவையில்லாத செய்தியாகத் தோன்றும். அக்கால ஊர் அமைப்பைக் கருதினால்தான் அதன் கனம் விளங்கும். ஊரும் சேரியும் பிரிந்திருந்தன. அஞ்சல் நிலையம், பள்ளி, கணக்கர் வீடு, சந்தை முதலியன ஊருக்குள் இருந்தன. அக்ரகாரத்தின் வழியாகவோ சாதி இந்துக்களின் தெரு வழியாகவோ நடக்க இயலாதவர் அஞ்சல் நிலையத்திற்குச் சென்று ஒரு தபால்தலை வாங்க முடியாது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்தவரும் வாயிலுக்கு வெளியே தொலைவில் நிற்க நேர்ந்தது. கோடையில் சேரிக் கிணறு வற்றினால், வரிப்பணத்தில் வெட்டிய ஊர்ப் பொதுக் கிணறு அருகிலேயே இருந்தும், யாரேனும் மனமிரங்கி நீர் இறைத்து ஊற்றும்வரை குடத்துடன் காத்திருக்க வேண்டும். சீனிவாசன் கேட்டது புதிய சலுகை எதையும் அன்று. பொதுப்பணத்தில் அமைந்தவை பொதுவானவை என்பதை அரசு வாய்திறந்து சொல்ல வேண்டும் என்பதையே.

காலமும் பொருந்தியிருந்தது. அதே 1924ஆம் ஆண்டு மார்ச்சு முதல் திருவிதாங்கூரில் வைக்கம் கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடக்கும் உரிமைக்காக அறப்போராட்டம் நடந்துகொண்டிருந்தது. பெரியார் ஈ. வெ. இராமசாமி அதில் கலந்துகொண்டு சிறை சென்றார். வைக்கத்தில் தெருவில் இறங்கிக் கேட்ட அதே உரிமையைச் சென்னையில் சீனிவாசன் தீர்மானமாகக் கேட்டார். இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தும், முதலாவது பெற்ற புகழில் சிறு பங்குகூட இரண்டாவதற்குக் கிட்டவில்லை.

தீர்மானத்தை ஏற்று 1924 செப்டம்பரில் அரசாணை வெளியிடப்பட்டது. அது 1925 பிப்ரவரி 24 அன்று அரசிதழிலும் வெளிவந்தது. ஆனால் ஆணையை மீறுவோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. அரசின் கொள்கை என்ன என்பதை அது கூறியதே தவிர, வழிமறிப்பவனை என்ன செய்வது என்று கூறவில்லை. இக்குறை விரைவிலேயே வெளிப்பட்டது. அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பாலக்காட்டில், கல்பாத்தி அக்ரகாரத் தெருக்களில் தேர்த்திருவிழாவின்போது ஈழவர்கள் நடக்க முயன்றனர். அவர்கள் தாக்கப்பட்டனர். அமைதி காப்பது என்னும் பெயரில் நிர்வாகம் விதித்த தடையாணையோ, நடக்க வந்தவர்களையே தடுத்தது. கோட்டையில் பிறந்த ஆணை, தெருவை அடைவதற்குள் எவ்வளவு மெலிந்துவிடுகிறது என்பதற்கு இது தக்க சான்று.

இதன் அடுத்த படியை எடுத்துவைத்தவர் கோயம்புத்தூர்ப் பகுதியைச் சேர்ந்த நியமன உறுப்பினர் ஆர். வீரையன். உள்ளாட்சிச் சட்டத்தைத் திருத்தி, பொதுத் தெரு, கிணறு, சந்தை முதலியவற்றைப் பயன்படுத்த விடாமல் தடுப்போருக்கு அபராதம் விதிக்க வழிசெய்யும் மசோதாவை அவர் கொண்டுவர, அது 1926இல் நிறைவேறியது. 1938இல், இராசாசி முதல்வராக இருந்தபோது, எம். சி. இராசா கொண்டுவந்த குடிமை உரிமைக் குறைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. விடுதலைக்குப் பின் நாடு முழுமைக்குமான தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இல் வந்தது. இவ்வரிசையில் சீனிவாசனின் தீர்மானம் முதற்கண் நிற்பது. சட்ட வலிமையில் இவற்றுள் மிகக் குறைந்ததும் அதுவே. எனினும் பின்வந்த சட்டங்கள் ஒவ்வொன்றும் அரசு ஏற்கெனவே அறிவித்த கொள்கையைத்தான் நிறைவேற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்ள அது இடமளித்தது.

வட்டமேசை மாநாடுகள்

1930 நவம்பரில் இலண்டனில் தொடங்கிய முதல் வட்டமேசை மாநாட்டிற்கு ஒடுக்கப்பட்டோரின் பேராளர்களாக அம்பேத்கரும் சீனிவாசனும் அழைக்கப்பட்டனர். அம்பேத்கருக்கு அப்போது 39 வயது. சீனிவாசன் எழுபதைக் கடந்தவர். 1900இல் பாதியில் நின்ற பயணம் முப்பது ஆண்டுகளுக்குப் பின் நிறைவுற்றது. ஒடுக்கப்பட்டோருக்கான அரசியல் பாதுகாப்புகள் குறித்து இருவரும் இணைந்து கோரிக்கை அறிக்கை ஒன்றை அளித்தனர். சம குடியுரிமை, தீண்டாமையைக் கடைப்பிடிப்போருக்குத் தண்டனை, சட்டமன்றங்களிலும் அரசுப் பணிகளிலும் உரிய இடம் ஆகியவை அதில் அடங்கும். வழிமறிப்போருக்குத் தண்டனை வேண்டும் என்பதில் 1924ஆம் ஆண்டின் பட்டறிவு தெரிகிறது.

மாநாட்டையொட்டி மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அளித்த வரவேற்பில், தாம் தீண்டத்தகாதவர் எனக் குறிக்கும் பட்டையை அணிந்து சென்ற சீனிவாசன் மன்னரிடம் கைகுலுக்காமல் விலகி நின்றார் என்பது தமிழகத்தில் பரவலாக வழங்கும் செய்தி. தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் வினவ, தெருவில் விழுந்து கிடப்பவன் தாழ்ந்த சாதியான் என்றால் உயர்சாதியார் தொட்டுத் தூக்க மாட்டார்கள் என்று இவர் விளக்கியதாகவும், மன்னர் அதிர்ந்து போனதாகவும் கூறுவர்.

1931இல் நடந்த இரண்டாவது மாநாட்டில் காந்தியும் கலந்துகொண்டார். ஒடுக்கப்பட்டோருக்குத் தனித்தொகுதி வேண்டும் என்று அம்பேத்கரும் சீனிவாசனும் கோர, காந்தி அதைக் கடுமையாக எதிர்த்தார். தென்னாப்பிரிக்காவில் பழகிய இருவர் இலண்டனில் எதிரெதிரே அமர்ந்தனர். 1932 ஆகத்தில் பிரித்தானிய அரசு தனித்தொகுதியை அறிவித்தது. எதிர்த்துக் காந்தி எரவாடா சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். செப்டம்பர் 24 அன்று கூட்டுத்தொகுதியில் ஒதுக்கீடு என்னும் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் கையொப்பமிட்டவர்களுள் சீனிவாசனும் ஒருவர். மாகாண சட்டமன்றங்களில் ஒதுக்கப்பட்ட 148 இடங்களில் சென்னைக்கு 30 கிடைத்தன. கூட்டுத்தொகுதியை முன்பே ஆதரித்த எம். சி. இராசாவும், தனித்தொகுதிக்காக வாதாடிய சீனிவாசனும் ஒரே தாளில் கையொப்பமிட நேர்ந்தது வரலாற்றின் விந்தை.

ஒப்பந்தத்தைத் தொடர்ந்து காந்தியின் முயற்சியில் உருவான தீண்டாமை ஒழிப்புச் சங்கத்தின் (பின்னாளில் அரிசன சேவா சங்கம்) நடுவண் குழுவில் அம்பேத்கர், சீனிவாசன், இராசா மூவரும் சேர்க்கப்பட்டனர். விரைவிலேயே மூவரும் விலகினர்.

மதமாற்றம் பற்றிய கருத்து

1935இல் தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அம்பேத்கர் இயோலாவில் அறிவித்தபோது சீனிவாசன் உடன்படவில்லை. இதை வைத்து அவரை இந்து சமயப் பற்றாளராகக் காட்டுவது பிழை. ஒடுக்கப்பட்டோர் நால்வருணத்திற்கு வெளியே உள்ளவர்கள். இந்து சமயத்திற்குள் இல்லாதவர்கள் அதிலிருந்து வெளியேறுவது எவ்வாறு என்பதே அவர் எழுப்பிய வினா. அம்பேத்கரின் முடிவோடு மாறுபட்டாலும், சமயம் பற்றிய கணிப்பில் இருவரும் அவ்வளவு தொலைவில் இல்லை எனலாம்.

இறுதிக் காலம்

அரசு இவருக்கு 1926இல் ராவ் சாகிப், 1930இல் ராவ் பகதூர், 1936இல் திவான் பகதூர் ஆகிய பட்டங்களை வழங்கியது. துணைவியார் இரங்கநாயகி 1928இல் காலமானார். 1939இல் ஜீவிய சரித்திர சுருக்கம் என்னும் சிறிய தன்வரலாற்று நூலை வெளியிட்டார். தமிழில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் ஒருவர் எழுதிய தொடக்ககாலத் தன்வரலாறுகளுள் அது ஒன்று. இவ்வளவு நீண்ட பொதுவாழ்வுக்கு அந்நூல் மிகச் சுருக்கமானது. பிற்கால ஆய்வாளர்களுக்கு அதுவே முதன்மைச் சான்றாக அமைந்தது. 1940இல் திராவிடமணி என்னும் பட்டம் இவருக்குச் சூட்டப்பட்டது.

சீனிவாசன் 1945 செப்டம்பர் 18 அன்று சென்னையில் காலமானார். ஓட்டேரியில் உள்ள இவரது நினைவிடம் உரிமைக்களம் என்று அழைக்கப்படுகிறது. இந்திய அஞ்சல் துறை 2000ஆம் ஆண்டில் இவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் இவருக்கு மணிமண்டபம் அமைக்கப்பட்டுள்ளது.